பதினோராம் எண் கூண்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பா சாதமும் கொத்சும் தயாராகி விட்டதாகச் செய்தி வந்திருக்கிறது. சிதம்பரத்தில் கொத்சு மணக்கும் நேரத்தில் மைக் முன்னால் நிற்பவன் சுருக்கமாகப் பேசுவதுதான் அவனுக்கு நல்லது. "துறைமுகங்களில் கணிப்பொறியும் சுற்றுச்சூழலும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தெட்டு வருடம் துறைமுக வேலை பார்த்தவன் என்பதால் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு பெரியது. நான் சொல்லப் போவது ஒரு சின்ன விஷயம். அதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது.

நான் கடலூர் முதுநகர்க்காரன். 1975ல் இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். விடுதியில் இடம் கிடைக்கும் வரை கடலூர் துறைமுகம் சந்திப்பில் ரயில் ஏறி வருவேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று வரும் மீட்டர்கேஜ் வண்டி. கரித்தூள் கண்ணில் விழாமல் சிதம்பரம் வந்து சேர்ந்தால் அன்றைக்கு நல்ல நாள். முதல் வகுப்புக்குத் தாமதமாகப் போய், "ரயில் லேட் சார்" என்று நான் சொன்ன நாட்களில் பாதி நாள் ரயில் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. இந்த உண்மையை ஐம்பது வருடம் கழித்து இந்த மேடையில் ஒப்புக் கொள்கிறேன்.

என் அப்பா கடலூர் துறைமுகத்தில் லைட்டர் படகில் தண்டலாக இருந்தார். இன்றைய மாணவர்களுக்கு லைட்டர் என்றால் வேறு பொருள் தோன்றும். கெடிலமும் பரவனாறு என்கிற உப்பனாறும் கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது கடலூர்த் துறைமுகம். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து ஆழம் குறைந்து போகும். அதனால் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாது. கடலில் ஒரு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தட்டையான லைட்டர் படகுகள் போய் மூட்டைகளை இறக்கி ஏற்றிக் கொண்டு வரும். ஆங்கிலேயர் 1690ல் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கிச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்த காலத்திலிருந்து இந்தக் கரைக்கு இதே தொல்லைதான்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் முகத்துவாரத்தில் இன்றைக்கு எந்த இடத்தில் எத்தனை பாகம் தண்ணீர் என்று சொல்லி விடுவார். துறைமுக ஆபீசில் ஆழக்கணக்கு எழுதிய ரிஜிஸ்டர் இருக்கும். ஒருநாள் நான் பெரிய படிப்பாளி போல, "அதப் பாத்தாப் போதாதாப்பா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "மணலு ரிஜிஸ்டரைப் பாத்துட்டு வராதுடா. நேத்து எழுதுனது நேத்து மணலு. இன்னிக்கு மூங்கிலை உட்டுப் பாக்கணும்."

இந்த வார்த்தையை நான் மறந்து போனேன். அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

கடலூர் என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு விஷயம் புயல் எச்சரிக்கைக் கூண்டு. "கடலூர் துறைமுகத்தில் 3ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டது" என்று ரேடியோவில் கேட்காமல் எங்கள் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை கழிந்ததே இல்லை. பகலில் கூம்பும் உருளையுமான அடையாளங்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1 முதல் 11 வரை எண்கள். முதல் இரண்டும் தூரத்தில் கடலில் வானிலை மோசம் என்று பொருள். 3ம் 4ம் உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரிய அபாயம். பத்துக்கு மேல் 11 எதற்கு? மாணவர்கள் யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்... யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் வேலைக்குச் சேரும் வரை தெரியாது.

11ஆம் எண் கூண்டு என்றால், வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்து விட்டது என்று பொருள். தந்தி வரவில்லை, போன் இல்லை, மேலிடத்திலிருந்து ஒரு சேதியும் இல்லை. துறைமுக அதிகாரி வானத்தையும் கடலையும் தன் கண்ணால் பார்த்து, ஆபத்து வருகிறது என்று தானே முடிவு செய்து ஏற்ற வேண்டிய கூண்டு அது. கருவி பேசாமல் போகிற நாளுக்கும் ஓர் எண் வைத்த அந்தக் காலத்து ஆட்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இப்போது கணிப்பொறிக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு கப்பல் வந்தால் காகிதம் ஒரு கட்டு வரும். சரக்குப் பட்டியல் ஒன்று, மாலுமிகள் பட்டியல் ஒன்று, சுகாதார அதிகாரிக்கு ஒன்று, சுங்கத்துக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் நகல். கார்பன் தாள் வாங்குவதற்கே தனியாக ஒரு பைல் இருந்தது. இன்றைக்கு உலகம் முழுவதும் இந்த விவரங்களை ஒரே மின்னணுச் சாளரத்தின் வழியாக வாங்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு விதி செய்து, அது 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாகி விட்டது. நம் நாட்டிலும் துறைமுகம், சுங்கம், கப்பல் ஏஜெண்ட் எல்லோரும் ஒரே வலைத்தளத்தில் வேலை செய்கிறார்கள். 1908ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டம் போய் 2025ல் புதிய சட்டமும் வந்து விட்டது.

இதில் சுற்றுச்சூழல் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். கப்பலின் வேகம் கூடக் கூட, எஞ்சினுக்குத் தேவையான சக்தி ஏறக்குறைய வேகத்தின் மூன்றாம் படியாகக் கூடும். அதனால் பத்து சதவீதம் மெதுவாக வந்தால், அதே தூரத்துக்கு எண்ணெய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் பழைய வழக்கம் என்ன? முதலில் வந்தவருக்கு முதல் இடம். எனவே கப்பல் முழு வேகத்தில் ஓடி வந்து, இடம் காலி இல்லாமல் வெளியே நங்கூரம் போட்டு மூன்று நாள் நான்கு நாள் காத்திருக்கும். கல்யாணப் பந்திக்கு ஓட்டமாக ஓடி வந்து, அடுத்த பந்திக்கு வாசலில் நிற்கிற கதைதான். "உனக்கு வியாழக்கிழமை காலையில்தான் இடம், மெதுவாக வா" என்று நான்கு நாள் முன்னதாகவே கப்பலுக்கு நம்பகமாகச் சொல்ல முடிந்தால் எண்ணெய் மிச்சம், புகை மிச்சம். அப்படிச் சொல்வதற்குத்தான் கணிப்பொறி வேண்டும்.

2023ல் மத்திய அரசு பெரிய துறைமுகங்களுக்குப் பசுமை வழிகாட்டி ஒன்று வெளியிட்டது. ஒரு டன் சரக்குக்கு வெளியாகும் கரியமிலத்தை 2030க்குள் 30 சதவீதமும் 2047க்குள் 70 சதவீதமும் குறைக்க வேண்டும் என்று அதில் இலக்கு வைத்திருக்கிறார்கள். கரையில் கட்டிய கப்பல் தன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கரை மின்சாரத்தை எடுத்துக் கொள்ளும் முறை சுவீடனில் கோத்தன்பர்க் துறைமுகத்தில் 2000லேயே உயர் அழுத்த இணைப்போடு வந்து விட்டது. நல்ல முறைதான். ஆனால் கடலூரில் நிற்கும் கப்பலுக்குப் பழுப்பு நிலக்கரி மின்சாரத்தைக் கொடுத்தால் புகை கப்பலிலிருந்து நெய்வேலிக்கு இடம் மாறும், அவ்வளவுதான். சூரிய ஒளியோ காற்றாலையோ பின்னால் இருந்தால்தான் அது பசுமை.

இடம் மாறுவது என்றதும் இன்னொன்று. 2011ல் உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பின் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. வடசென்னை மக்கள் மூச்சு விட்டார்கள். நிலக்கரி எண்ணூருக்குப் போயிற்று. எண்ணூரிலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

இனி என் தவறு.

2000க்குப் பிந்தைய சில ஆண்டுகள். நான் வேலை பார்த்த ஒரு துறைமுகம். பெயர் வேண்டாம். அங்கே நிலக்கரிக் கிடங்குக்காகத் தூசியை அளக்கும் தானியங்கிக் கருவி வாங்கினோம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கெடுத்துக் கணிப்பொறித் திரைக்கு அனுப்பும். அளவுக்குள் இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு. அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவன் நான். நிர்வாகக் கட்டிடத்து மாடியில் வைத்தேன். அங்கேதான் மின்சாரமும் கேபிளும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. வேறு காரணம் ஒன்றுமில்லை. திரை எப்போதும் பச்சையாக இருந்தது. மாதாமாதம் அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டேன். வந்து பார்த்த பெரிய அதிகாரிகள் எல்லாம் பாராட்டினார்கள்.

இரண்டு வருடம் போயிற்று. ஒருநாள் மத்தியானம் பக்கத்துக் குப்பத்திலிருந்து நாலைந்து பெண்கள் மனு கொடுக்க வந்தார்கள். அதில் வயதான ஓர் அம்மா, கையிலிருந்த பையைத் திறந்து ஒரு பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து என் மேசை மேல் விரித்தார். வெள்ளைச் சட்டை. தோளிலும் முதுகிலும் கறுப்பாகப் படிந்திருந்தது.

"ஐயா, இது காலையில தோச்சுக் கொடியில போட்டது. பேரப்புள்ளைது. உங்க மிஷினுல பச்சை லைட்டு எரியுதுன்னு சொல்றாங்க. எங்க ஊட்டுல தயிரு மேல ஆடை கருப்பா இருக்குது. ஒருநா எங்க வாசல்ல வந்து குந்திப் பாருங்க."

நான் திரையைக் காட்டினேன். உண்மையாகவே காட்டினேன். "பாருங்கம்மா, எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு" என்றேன். அந்த அம்மா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். சட்டையை மடித்துப் பையில் வைத்துக் கொண்டு போய் விட்டார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் மூன்று மணிக்குப் போய் அவர்கள் வாசலில் நின்றேன். பத்து நிமிடம் நின்றதுமே புரிந்து விட்டது. மத்தியானத்தில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். நிலக்கரிக் கிடங்கைத் தாண்டிக் குப்பத்துக்கு வரும். எங்கள் நிர்வாகக் கட்டிடமோ கடல் பக்கம், கிடங்குக்கு முன்னால். கருவிக்குக் கிடைத்ததெல்லாம் சுத்தமான கடற்காற்று. அது பொய் சொல்லவில்லை. அது நின்ற இடத்தில் காற்று நன்றாகத்தான் இருந்தது. அங்கே அதை நிற்க வைத்தவன் நான். லைட்டர் தண்டலின் மகன் எனக்குக் காற்றுத் திசை தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை. திரை பச்சையாக இருந்தால் யோசிக்கத் தோன்றுவதில்லை.

கருவியை இடம் மாற்ற வேண்டும் என்று குறிப்பு எழுதினேன். "ஏன் சார் வம்ப வெலைக்கு வாங்குறீங்க?" என்றார் நண்பர் ஒருவர். மாற்றுவதற்கு எட்டு மாதம் ஆனது. மாற்றிய அன்றே திரை சிவப்பாயிற்று. அதன் பிறகுதான் தண்ணீர் தெளிப்பதும் கன்வேயருக்கு மூடி போடுவதும் நடந்தது. ஆனால் அந்த அம்மாவிடம் போய், "நீங்க சொன்னதுதான் சரி" என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதற்குள் மாற்றலும் வந்து விட்டது. கையெழுத்துப் போட்ட இருபத்து நான்கு அறிக்கைகள் இன்றும் எங்காவது ஒரு அலமாரியில் இருக்கும்.

எங்கள் கடலூரிலேயே சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராம மக்கள் 2004ல் வாளியும் பிளாஸ்டிக் பையும் கொண்டு தாங்களே காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள் என்பதைப் பின்னால் படித்தேன். மூக்கு சொன்னதை அவர்கள் எண்ணாக மாற்றினார்கள். எண் இருந்ததால் மூக்கை மறந்தவன் நான்.

நண்பர்களே, இது என் ஒருவனுடைய கதை என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொண்டன. கப்பலின் பெயரும் திசையும் வேகமும் திரையில் தெரிகிற காலத்தில்தான் மோதின. கரையில் படிந்த எண்ணெயை மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. அதே வருடம் ஜூன் 27, உக்ரைனைக் குறிவைத்து ஏவிய ஒரு கணிப்பொறி வைரஸ் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியது. மும்பைக்குப் பக்கத்தில் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையம் நின்று போனது. அந்த நிறுவனம் 45,000 கணிப்பொறிகளை மறுபடி அமைக்க வேண்டியதாயிற்று. அதற்கு வேண்டிய ஒரு முக்கியப் பிரதி உலகத்தில் எங்கே பிழைத்திருந்தது தெரியுமா? கானா நாட்டு அலுவலகத்தில். அன்று அங்கே கரண்ட் கட்! மின்வெட்டால் ஒரு நன்மை நடந்ததாக நான் கேள்விப்பட்டது இது ஒன்றுதான்.

கருவி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக் கொள்ளக் கூடாது. நல்லவாடு கதை உங்களில் பலருக்குத் தெரியும். கடலூருக்கு வடக்கே, புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த மீனவ கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் அமைத்துக் கணிப்பொறியில் வரும் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை செய்து கொண்டிருந்த அந்த ஊர்ப் பையன் செய்தியைப் பார்த்து வீட்டுக்குப் போன் செய்தான். ஊரார் மையத்தின் கதவை உடைத்து மைக்கைப் பிடித்து, "ஓடுங்க" என்று அறிவித்தார்கள். ஊர் பிழைத்தது. கடலூர் மாவட்டத்தில் அன்று அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு என்பதைப் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். கணிப்பொறி ஒரு ஊரைக் காத்தது, காடு சில ஊர்களைக் காத்தது. இரண்டும் வேண்டும். கணிப்பொறி காத்த ஊரிலும் கதவை உடைக்க ஆள் வேண்டியிருந்தது.

இப்போது கடலூர்த் துறைமுகத்துக்குப் புது வாழ்வு வருகிறது. சாகர்மாலா திட்டத்தின் கீழ்க் கப்பல் தளம் கட்டி, வாய்க்காலை ஆழப்படுத்தும் வேலையை நடத்தினார்கள். எனக்கு மகிழ்ச்சி. அப்பா இருந்தால் அழுதிருப்பார். லாரியில் போகிற சரக்கு கப்பலில் போனால் டீசல் மிச்சம் என்பதும் உண்மை. ஆனால் நம் கரையில் மணல் வருடத்தின் பெரும் பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கல்லைக் கொட்டித் தடுத்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை போகும். சென்னைத் துறைமுகத்தால் மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் அப்படித்தான். 1980களின் கடைசியில் புதுச்சேரியில் துறைமுகச் சுவர் கட்டிய பின் அந்த நகரத்துக் கடற்கரை மணல் காணாமல் போனதும் அப்படித்தான். கடலூர் முகத்துவாரத்துக்கு வடக்கே இருப்பது தேவனாம்பட்டினம், தாழங்குடா. அங்கே இருப்பவர்கள் நம் மனிதர்கள்.

அதனால் இந்தச் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வொரு வருடமும் நாம் மலர் போடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். இந்த வருடம் முதல் மாணவர் குழு ஒன்றை அமைப்போம். மாதம் ஒரு முறை அவர்கள் தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் குறித்து வைத்த இடங்களிலிருந்து கரையின் அகலத்தை நாடா பிடித்து அளக்கட்டும். முதுநகரில் வீடுகள் இருக்கும் பக்கத்தில், காற்று வரும் திசை பார்த்து, ஒரு தூசிக் கருவி வைக்கட்டும். அந்த எண்களைத் தமிழில், மீனவர் பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போடட்டும். துறைமுகத்தார் எண்ணும் நம் எண்ணும் ஒத்துப் போனால் எல்லோருக்கும் நிம்மதி. ஒத்துப் போகாவிட்டால் யாராவது ஒரு தண்டலின் மகன் மாடியில் இருக்கும் கருவியை எடுத்து வாசலில் வைக்க வேண்டும் என்று பொருள். கருவிக்கும் முதல் வருடப் போக்குவரத்துச் செலவுக்கும் என் ஓய்வூதியத்திலிருந்து நான் தருகிறேன். இரண்டாவது வருடத்துக்கு 1975ஆம் ஆண்டு செட் நண்பர்கள் கை நீட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் அவர்கள் சம்மதம் கேட்காமலே இங்கே அறிவித்து விடுகிறேன்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் நாளை பெரிய பெரிய திரைகள் முன்னால் உட்காருவீர்கள். கப்பல் ஓட்டும் திரையாகவும் இருக்கலாம், ஆஸ்பத்திரித் திரையாகவும் இருக்கலாம், பாங்குத் திரையாகவும் இருக்கலாம். அது பச்சையாக இருக்கும்போது எழுந்து ஒரு முறை வெளியே போய்ப் பாருங்கள். கருவி எங்கே நிற்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, யார் வீட்டுக் கொடியில் துணி காய்கிறது என்று பாருங்கள். யாராவது ஒரு அம்மா சட்டையைக் கொண்டு வந்து விரித்தால், திரையைக் காட்டாதீர்கள். நான் காட்டினேன்.

வாருங்கள், கொத்சு ஆறிப் போகும் முன் சாப்பிடப் போகலாம்.